யானைமலையில் ஏன் ஒரு சிப்பிகூட இல்லை?

கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இவ்வளவு பழைய பொருளெல்லாம் நம்ம ஊரில் கிடைக்கிறதே, அப்படியே இன்னும் ஆழமாகத் தோண்டினால் டைனோசர் எலும்பு கிடைக்குமா?" பெரும்பாலான பெற்றோர் சிரித்துவிட்டுக் காரில் ஏறச் சொல்வார்கள். ஆனால் இது அருமையான கேள்வி. இதற்குச் சரியான பதில் தெரிந்தால், மதுரையிலிருந்து ஒரு நாள் பயணத்தில் எதை எங்கே பார்க்கலாம் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

பதில்: கிடைக்காது. எவ்வளவு தோண்டினாலும் கிடைக்காது. கீழடியில் சில மீட்டர் ஆழத்தில் வெளிப்பட்டவை ஏறக்குறைய 2,600 ஆண்டுகள் வரை பின்னே போகும் மனிதர்களின் தடயங்கள். கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் மாட்டு எலும்பும் ஆட்டு எலும்பும் இன்னும் எலும்பாகவேதான் இருக்கின்றன, கல்லாக மாறவில்லை. அந்த ஆற்று வண்டலுக்குக் கீழே போனால் நேராகப் பாறை வந்துவிடும். அந்தப் பாறை டைனோசர்களைவிடப் பல மடங்கு பழசு. நடுவில் இருந்திருக்க வேண்டிய கோடிக்கணக்கான ஆண்டுகளின் அடுக்குகள் மதுரையில் இல்லவே இல்லை.

ஒத்தக்கடையில் நின்று யானைமலையைப் பார்த்தால் அந்தப் பாறையின் உச்சி தெரியும். திருப்பரங்குன்றம், நாகமலை, சமணர் மலை, அரிட்டாபட்டிக் குன்றுகள் எல்லாம் இந்த உருமாறிய பழம்பாறை உலகத்தைச் சேர்ந்தவை. நிலவியலாளர்கள் இந்த நிலப்பகுதிக்கு மதுரையின் பெயரையே வைத்து 'மதுரைப் பாளம்' என்று அழைக்கிறார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, இன்று நம் கண்முன் நிற்கும் இந்தப் பாறைகள் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்து வெந்தன. எவ்வளவு வெப்பம் என்றால், பழனிமலை அடிவாரத்தில் கெங்குவார்பட்டிப் பக்கம் கிடைக்கும் சில கனிமங்கள் 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் போயிருந்தால் மட்டுமே உருவாகக்கூடியவை. உலகெங்கும் இருந்து பாறை ஆய்வாளர்கள் அந்தச் சின்ன ஊரின் பெயரைத் தெரிந்துவைத்திருப்பதற்கு அதுதான் காரணம். மேலே இருந்த பாறையெல்லாம் அரித்துப் போய், அடியில் வெந்து கிடந்தது இன்று மலையாக நிற்கிறது.

அந்த வெப்பத்தில் எந்தச் சிப்பியும் இலையும் உருவம் குலையாமல் தப்பாது. போதாக்குறைக்கு, இந்தப் பாறைகளின் மூலப்பொருள் மண்ணாகவும் சேறாகவும் படிந்த காலத்தில், ஓடும் எலும்பும் உள்ள உயிர்களே உலகத்தில் தோன்றியிருக்கவில்லை. யானைமலையில் சிப்பி இல்லாததற்கு இப்படி இரண்டு காரணங்கள்.

ஆனாலும் உயிரின் தடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிவகங்கைப் பக்கம் தமிழ்நாடு கனிம நிறுவனம் கிராஃபைட் வெட்டி எடுக்கிறது. பென்சில் முனையில் இருக்கும் அதே கருப்புப் பொருள். இப்படிப் பாறைக்குள் செதில் செதிலாகக் கிடக்கும் கிராஃபைட்டின் கரிமத்தில் பெரும்பகுதி, பழைய கடற்சேற்றில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களிலிருந்து வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உருவமெல்லாம் அழிந்து கரி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சுண்ணாம்புக்கல்லை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். தமிழ்நாடு சிமெண்ட்ஸ் நிறுவனத்துக்கு விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தில் ஒரு ஆலை, அரியலூரில் ஒரு ஆலை. முதலாவது 1970இல் தொடங்கியது, இரண்டாவது 1979இல். இரண்டு இடத்திலும் சுண்ணாம்புக்கல்தான் மூலப்பொருள். ஆலங்குளம், பந்தல்குடிப் பக்கத்துக் கல்லை உடைத்தால் சர்க்கரைக் கற்கண்டு மாதிரி மினுமினுக்கும் படிகங்கள்தான் தெரியும். அதுவும் ஒரு காலத்தில் தண்ணீருக்கடியில் படிந்த சுண்ணாம்புதான், மதுரைப் பாளத்தோடு சேர்ந்து வெந்து உருமாறிவிட்டது. அரியலூர் கல்லங்குறிச்சிச் சுரங்கத்துக் கல்லைக் கையில் எடுத்தால், அதில் பாதி சிப்பி. உள்ளங்கை அளவு தடித்த சிப்பிகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் கொஞ்சம் சுண்ணாம்புச் சேறு பூசியது போல இருக்கும். வரிகள்கூட அழியவில்லை. விரலால் தடவினால் ஓட்டின் வளர்ச்சிக் கோடுகள் தட்டுப்படும். ஒரே பொருள், ஒரே மாநிலம், ஒரே நிறுவனம் வெட்டுகிறது. ஒன்றில் உயிரின் அடையாளம் முழுக்கப் போய்விட்டது, இன்னொன்றில் அப்படியே இருக்கிறது.

எங்கிருந்து எங்கே இந்த மாற்றம் நடக்கிறது? மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வைகையே வழிகாட்டி. ஆற்றோடு கிழக்கே போனால் பாறை மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிடும். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா பிளக்க ஆரம்பித்து, இந்தியா அண்டார்க்டிகாவை விட்டு விலகியபோது, இன்றைய தமிழகத்தின் கிழக்கு ஓரம் நீள நீளமாக வெடித்துப் பள்ளமானது. அந்தப் பள்ளத்துக்குக் காவிரிப் படுகை என்று பெயர். முதலில் ஆறுகள் அதை மண்ணால் நிரப்பின. சிவகங்கைப் பக்கத்து மணற்கல்லும் களிக்கல்லும் அந்தத் தொடக்க காலத்தவை. பூக்கும் தாவரங்கள் உலகத்தைப் பிடிப்பதற்கு முந்தைய காலத்து இலைப் பதிவுகள் இந்த வகைப் படிவுகளில் உண்டு. அப்புறம் கடல் உள்ளே வந்தது.

இராமநாதபுரத்தில் அந்தக் கடற்படிவுகள் எல்லாம் ஆழத்தில் புதைந்து கிடக்கின்றன. பார்க்க முடியாது, ஆனால் பயன்படுத்துகிறோம். ஓ.என்.ஜி.சி. அங்கே எடுக்கும் இயற்கை எரிவாயு, அந்தப் பழைய படுகையில் புதைந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்தது. வழுதூர் மின் நிலையம் அந்த வாயுவில்தான் ஓடுகிறது.

இன்னும் கிழக்கே போனால் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் இடிந்துபோன தேவாலயத்தின் முன் நின்று படம் எடுக்காத மதுரைக்காரர் குறைவு. அடுத்த முறை போகும்போது சுவருக்கு ஓர் அடி தூரத்தில் நின்று பாருங்கள். அது சாதாரணக் கல் இல்லை, பவளக்கல். சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு பவள உயிர் இருந்தது. பாம்பன், இராமேசுவரம் கரையில் கடல்மட்டம் கொஞ்சம் உயர்ந்திருந்த காலத்தில் வளர்ந்த பவளத்திட்டுகள், கடல் பின்வாங்கியபின் வெளியே நின்றுவிட்டன. சில ஆயிரம் ஆண்டுகள்தான் வயது. புதைபடிவங்களில் இது கைக்குழந்தை. ஆனால் உயிர் எப்படிக் கல்லாகிறது என்பதன் முதல் படியை நம் பக்கத்தில் பார்க்கக் கிடைக்கும் நல்ல இடம் இதுதான் என்பேன். பெயர்த்து எடுத்து வர மட்டும் நினைக்கக் கூடாது. பவளம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, கரையில் கிடந்தாலும் அப்படியே விட்டுவிடுவதே சரி.

சரி, டைனோசர் காலத்துக் கடலை நேரில் பார்க்க என்ன வழி? காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பு அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் தரைக்கு மேலே தெரிகிறது. மற்ற இடங்களில் ஆழ்துளை போட்டுத்தான் எட்ட முடியும் அடுக்குகள், அங்கே வயல் வரப்பில் கிடக்கின்றன. சுமார் 11 கோடி ஆண்டுகளிலிருந்து 6 கோடி ஆண்டுகள் வரையிலான கடலின் வரலாறு, மேற்கிலிருந்து கிழக்கே நடக்க நடக்க வரிசையாக வரும். 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் சேகரித்த ஓடுகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். பிறகு பிளான்ஃபோர்ட் என்ற நிலவியலாளர் இந்த நிலத்தை அளந்து வரைபடம் போட்டார். ஸ்டோலிச்கா என்ற இன்னொரு நிலவியலாளர் பத்தாண்டுகள் உட்கார்ந்து ஓடு ஓடாக விவரித்து எழுதினார். ஊட்டத்தூர், நின்னியூர், கருடமங்கலம், கல்லமேடு என்று நம் கிராமங்களின் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் ஏறியது அப்போது தொடங்கியது. ஊட்டத்தூர்க்காரர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

மதுரையிலிருந்து காரில் போனால் திருச்சியைத் தாண்டிச் சென்னைச் சாலையில் பாடாலூர் வரும். கிழக்கே திரும்பினால் காரை, கொளக்காநத்தம், சாத்தனூர் என்ற ஊர்கள் எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். ரயில் என்றால் காலையில் மதுரையில் கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸ் அரியலூரில் நிற்கும். மாலை சென்னையிலிருந்து திரும்பும் வைகையிலேயே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் ரயிலில் போனால் உள்ளூரில் ஒரு வண்டி பிடித்தே ஆக வேண்டும், பார்க்க வேண்டிய இடங்கள் சிதறிக் கிடக்கின்றன.

பலரும் முதலில் அரியலூர்ப் பக்கத்துப் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலில் காரைக்குப் போக வேண்டும். காரையிலிருந்து கொளக்காநத்தம் வரையிலான இந்தப் பகுதியை இந்தியப் புவியியல் ஆய்வு மையம் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. போய் இறங்கியதும் பெரிதாக ஒன்றும் தெரியாது: மஞ்சளும் பழுப்புமாகக் களிமண் மேடுகள், மழைநீர் அரித்த ஓடைகள், ஆங்காங்கே முள்ளுச்செடி. குனிந்து பார்த்தால்தான் விஷயம். களிமண்ணில் கண்ணாடித் துண்டு போல மின்னுவது ஜிப்சம். அதன் பக்கத்தில் சுண்டு விரல் அளவுக்கு, ஒரு முனை கூரான, தேன் நிறக் குச்சிகள் கிடக்கும். அவை பெலம்நைட். கணவாயின் உறவுக்கார உயிர் ஒன்றின் உடலுக்குள் இருந்த கெட்டியான பாகம். நீங்கள் நிற்பது பழைய கடலின் அடித்தளத்தில் என்பது அப்போது உறைக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த அதே குச்சி இந்த உணர்வைத் தராது. இங்கே நின்று பார்த்தவருக்குப் பெட்டியில் இருப்பதும் பிறகு புரியும்.

அம்மோனைட்டும் இந்த நிலத்தின் முக்கிய உயிர். சிவகாசித் தரைச்சக்கரம் போலச் சுருண்ட ஓடு. அதன் உள்ளே தடுப்புச் சுவர் வைத்து வரிசையாக அறைகள். உயிர் கடைசி அறையில் மட்டும் வாழும். மற்ற அறைகளில் வாயுவும் நீரும், மிதப்பதற்காக. டைனோசர்களோடு சேர்ந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தக் குலமே அழிந்துபோனது. நம்மில் பலர் அம்மோனைட்டை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம், பெயர் தெரியாமல். பெருமாள் கோயில்களிலும் சில வீட்டுப் பூஜையறைகளிலும் இருக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரம் அம்மோனைட்டின் பதிவுதான். அது இமயத்தில் இருந்த வேறொரு கடல், அரியலூர்க் கடலைவிடப் பழையது.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தோண்டியபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவி, ஊரே கூடியது. வந்து பார்த்த நிலவியலாளர்கள் அவை முட்டை இல்லை, அம்மோனைட் போன்ற கடலுயிர்களைச் சுற்றிச் சேறு கெட்டிப்பட்டு உருவான உருண்டைகள் என்றார்கள். முட்டை என்றால் வெளியே மில்லிமீட்டர் கணக்கில் மெல்லிய ஓடும், அதில் நுண்துளைகளும் இருக்க வேண்டும். உருண்டைக் கல்லை உடைத்தால் வெளியிலிருந்து உள்வரை ஒரே பொருள், நடுவில் ஒரு சிப்பியோ ஓடோ. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் செல்போனில் வரும் 'முட்டை' படங்களில் பெரும்பாலானவற்றை நாமே சரிபார்த்துவிடலாம். முட்டை இல்லை என்றதும் ஊரில் ஏமாற்றமாகப் பேசிக்கொண்டார்கள் என்று கேள்வி. ஏமாற ஒன்றும் இல்லை. நம் ஊர்க் குளத்தடியில் கடல் இருந்தது என்பது முட்டையைவிடப் பெரிய சேதி.

டைனோசர் இல்லவே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். கடல் பின்வாங்கி, ஆறுகள் மணல் கொண்டுவந்து கொட்டிய கடைசிக் காலத்தில் இங்கே அவை நடமாடின. கல்லமேட்டில் மேட்லி என்ற ஆங்கிலேய நிலவியலாளர் 1920களில் எலும்புகளைக் கண்டார். அதே பகுதியில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு இந்திய நிலவியலாளர்கள் ஒரு புதிய டைனோசருக்குப் 'புருஹத்காயோசாரஸ் மேட்லியி' என்று பெயரிட்டார்கள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று கருதினார்கள், பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்ற முடிவுக்கு வந்தார்கள். உலகில் இதுவரை வாழ்ந்த மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரத்தில் ஊறிப் பொலபொலத்துக் கிடந்தவை, தாக்குப்பிடிக்காமல் உதிர்ந்து போயின. ஓவியங்களும் சில படங்களும்தான் மிச்சம். அதனால் இத்தனை பெரிய உயிர் உண்மையிலேயே இருந்ததா என்ற சந்தேகம் பல ஆண்டுகள் நீடித்தது. அரியலூருக்குத் தரமான அருங்காட்சியகமும், அதில் எலும்பைப் பதப்படுத்தத் தெரிந்த ஆட்களும் ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் இந்த எலும்பின் கதையைத்தான் சொல்வேன்.

சாத்தனூர்க் கல்மரம் அந்த விதத்தில் அதிர்ஷ்டசாலி. இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் இதைப் பற்றி முதலில் எழுதினார். 18 மீட்டர் நீளம், படுத்த வாக்கில், வேலிக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. மரம் நின்ற இடத்தில் கல்லாகவில்லை. கரையிலிருந்து ஆற்றுவெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, கடலில் ஊறி மூழ்கி, சேற்றில் புதைந்தது. மரத்தின் திசுக்களில் சிலிக்கா கலந்த நீர் ஏறி, அறை அறையாகக் கல் நிரம்பியது. அதனால்தான் கல்லான பிறகும் மரத்தின் நார்கள் தெரிகின்றன. பூக்கும் மரங்கள் ஆதிக்கம் பெறுவதற்கு முந்தைய ஊசியிலை வகை. குழந்தைகளுக்கு அம்மோனைட்டைவிட இதுதான் உடனே பிடிக்கும்.

இதையெல்லாம் பார்த்த பிறகு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் போகும் வழியில் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் அம்மோனைட்டுகளுக்கென்றே ஒரு காட்சி மையமும் உண்டு. அருங்காட்சியகங்கள் துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்துக் கிளம்புங்கள்.

பெட்டிகளைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன்: சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? பெயர் மட்டுமா, கிடைத்த இடமும் அடுக்கும் உண்டா? நிலவியலில் ஒரு ஓட்டின் மதிப்பில் பாதி அது எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில் இருக்கிறது. காரையில் கிடந்த பெலம்நைட்டைப் பையில் போட்டு மதுரைக்குக் கொண்டுவந்து ஷோகேஸில் வைத்தால், அடுத்த ஆண்டு அது எங்கிருந்து வந்தது என்று வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. அப்போது அது வெறும் குச்சிக் கல். சுற்றுலா வருபவர் ஆளுக்கொன்று எடுத்தால் காரை காலியாகிவிடும். கையில் எடுத்துப் பாருங்கள், பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், கிடந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நிலவியல் நினைவுச் சின்னம் என்ற அறிவிப்பு இருந்தாலும், தொல்லியல் சின்னங்களுக்கு இருப்பது போன்ற சட்டக் காவல் இவற்றுக்கு இல்லை. 2022இல் மத்திய அரசு இதற்காக ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது.

சிமெண்ட் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். அரியலூரில் சுரங்கம் வெட்டாமல் இருந்திருந்தால் பாதிப் புதைபடிவங்கள் வெளியே தெரிந்திருக்காது. வெட்டியதால் வெளியே வந்தவற்றில் பெரும்பகுதி அரைபட்டு நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. இரண்டும் உண்மை. ஆகவே வேலை முடிந்து கைவிடப்பட்ட ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒரு பக்கச் சுவரையாவது மூடாமல், அடுக்குகள் தெரியும்படி, படிக்கட்டும் வேலியும் போட்டு விட்டுவைக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த ஒரு சுவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு எத்தனையோ பாடம் நடத்தும். இப்போதைக்கு இயங்கும் சுரங்கங்களுக்குள் முன் அனுமதி இல்லாமல் போக முடியாது, போகவும் கூடாது. கருடமங்கலத்துச் சிப்பிக் கல்லை மட்டும் வெளியிலேயே பார்க்கலாம். ஒரு காலத்தில் திருச்சிப் பளிங்கு என்று மெருகேற்றி மேஜைப் பலகைக்கும் அலங்காரப் பொருளுக்கும் விற்ற கல் அது. ஒரு கை தண்ணீரைத் தெளித்தால் உள்ளிருக்கும் நத்தைகளும் சிப்பிகளும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். கோடையில் இந்த நிலத்தில் நிழலே கிடையாது, காலை பத்து மணிக்கு மேல் பிள்ளைகளால் தாங்க முடியாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை போவது நல்லது. புது மழை களிமண்ணை அரித்துப் புதிய ஓடுகளை வெளியே கொண்டுவந்திருக்கும். அதே மாதங்களில்தான் வாரணவாசியிலிருந்து அதிக தூரமில்லாத கரைவெட்டி ஏரிக்குப் பறவைகள் வருகின்றன. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும் ஏரி, 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகளைப் பார்க்க வெயில் ஏறுவதற்கு முன் அங்கே போய்விட வேண்டும், அதனால் முந்தின நாள் இரவே அரியலூரில் தங்கிவிட்டால் இரண்டையும் நிதானமாகப் பார்க்கலாம்.